பழைய கருவி, புதிய நெறிமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் சில கோயில் அலுவலகங்கள், மாலை நேரத் தமிழ் வகுப்புகள், ரோஸ் ஹில் பக்கத்துச் சிறு கடைகள் இவற்றின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே கேட்கப்படும் கேள்விகளையும், எபேனில் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டு இளைஞர்கள் கேட்பவற்றையும் சேர்த்து இங்கே தொகுத்திருக்கிறேன். இங்கே வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஃபைபர் வந்துவிட்டது. ஆனால் அதில் மாட்டியிருக்கும் பிரிண்டரும் கேமராவும் டேப்லெட்டும் பல இடங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழசு. பெரும்பாலான தொல்லைகள் இதனால்தான் வருகின்றன.

பின்னோக்கு இணக்கம் என்று எதைச் சொல்கிறார்கள்?

நெறிமுறை என்பது கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிகள். அதன் புதிய பதிப்பைப் பேசும் கருவி, பழைய பதிப்பு மட்டும் தெரிந்த கருவியோடும் ஒத்துப்போனால் அது பின்னோக்கு இணக்கம். இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு; அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய கருவி தனக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்தால் குழம்பி நின்றுவிடாமல், அதைத் தாண்டிப் போய் மீதியைப் படிக்க வேண்டும். இது முன்னோக்கு இணக்கம்.

முதலாவதை இன்றைக்கு நிரல் எழுதுபவர் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதை 20 ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் யோசித்து வைத்திருக்க வேண்டும். ஒரு நெறிமுறை எத்தனை காலம் தாங்கும் என்பது இரண்டாவதைப் பொறுத்தது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்களில் இதே விஷயம் வேறு வேறு உருவில் திரும்ப வரும்.

எந்தப் பதிப்பில் பேசுவது என்று இரண்டு கருவிகள் எப்படி முடிவு செய்கின்றன?

மின்னஞ்சலைப் பார்த்தால் எளிதில் விளங்கும். 1982-இல் வந்த எஸ்எம்டிபி நெறிமுறையில், அனுப்பும் சர்வர் முதலில் ‘ஹெலோ’ என்ற கட்டளையைச் சொல்ல வேண்டும். 1993-இல் புதிய வசதிகள் சேர்க்க நினைத்தபோது ‘எஹ்லோ’ என்று ஒரு புதுக் கட்டளையைக் கொண்டுவந்தார்கள். புதிய சர்வர் அதைக் கேட்டதும் 250 என்ற எண்ணோடு ஒரு பட்டியல் அனுப்பும்: இவ்வளவு பெரிய அஞ்சல் வரை வாங்குவேன், 8 பிட் எழுத்துகளை ஏற்பேன், மறையாக்கம் தெரியும் என்று வரிவரியாக. பழைய சர்வருக்கு ‘எஹ்லோ’ தெரியாது. அது 500 என்ற எண்ணில் ‘கட்டளை புரியவில்லை’ என்று பதில் தரும். உடனே அனுப்புபவர் ‘ஹெலோ’ சொல்லிப் பழைய முறையில் தொடரலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, பதிப்பு எண்ணை யாரும் கேட்பதில்லை என்பது. “உனக்கு என்னென்ன செய்யத் தெரியும்?” என்றுதான் கேட்கிறார்கள். பட்டியலில் இல்லாததைப் பயன்படுத்துவதும் இல்லை. 40 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நெறிமுறை ஓடிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இணையதளங்களுக்கு வேறு வழி. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையின் 2-ஆம் பதிப்பு தெரியுமா என்ற கேள்வி, பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் முதல் செய்திக்குள்ளேயே போய்விடுகிறது. தனியாக ஒரு சுற்று தேவையில்லை. எச்டிடிபி 3 யுடிபி என்ற வேறு கடத்தல் முறை மீது ஓடுவதால் அப்படிக் கேட்க முடியாது. அதனால் சர்வர் பழைய இணைப்பிலேயே “நான் யுடிபியிலும் இருக்கிறேன்” என்று ஒரு குறிப்பு அனுப்பும். பிரவுசர் அடுத்த முறை அங்கே தட்டிப் பார்க்கும். ஏதாவது ஓட்டல் வைஃபை யுடிபியை அடைத்திருந்தால் பிரவுசர் எச்டிடிபி 2-இலேயே இருந்துகொள்ளும். பயன்படுத்துபவருக்கு எதுவும் தெரியாது.

அப்படியானால் ஐபிவி6 மட்டும் ஏன் ஐபிவி4-உடன் நேரடியாகப் பேசுவதில்லை?

ஐபி என்பது இணையத்தில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (சிறு தகவல் பொட்டலத்துக்கும்) முகவரி எழுதி அனுப்பும் நெறிமுறை; ஐபிவி4 அதன் பழைய பதிப்பு, ஐபிவி6 புதியது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலில் பெரும்பாலும் ஒரு குறை இருக்கும்: “வடிவமைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருந்தால் ஒத்துப்போகும்படி செய்திருக்கலாமே?” செய்திருக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

1981-இல் வரையறுத்த ஐபிவி4 பாக்கெட்டின் தலைப்பகுதி, கட்டம் கட்டமாக அச்சிட்ட ஒரு விண்ணப்பப் படிவம் மாதிரி. அனுப்புபவர் முகவரிக்கு 32 பிட், பெறுபவர் முகவரிக்கு 32 பிட், ஒவ்வொன்றும் இன்ன இடத்தில்தான் என்று நிலையாக வைத்துவிட்டார்கள். 32 பிட்டில் சுமார் 430 கோடி முகவரிகள் அடங்கும். அதற்கு மேல் ஒரு முகவரி வேண்டுமென்றால் கட்டத்தை நீட்ட வேண்டும். கட்டத்தை நீட்டினால், பழைய ரூட்டர் தவறான இடத்திலிருந்து முகவரியைப் படிக்கும். 33 பிட்டாக்கினாலும் 128 பிட்டாக்கினாலும் உடைவது உடைந்தே தீரும். உடைவது உறுதி என்றான பிறகு தாராளமாக 128 பிட் எடுத்துக்கொண்டார்கள். 1995 டிசம்பரில் முதல் வரையறை வந்தது, 1998-இல் திருத்தினார்கள், 2017-இல் அது முழுத் தரநிலை ஆனது.

பாக்கெட்டின் முதல் 4 பிட்டில் பதிப்பு எண் இருக்கிறதே, அதைப் பார்த்து விலகிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். விலகிக்கொள்ளத்தான் முடியும், பாக்கெட்டைக் கொண்டு சேர்க்க முடியாது. முகவரியைப் படிக்கத் தெரியாத ரூட்டர் வழியில் ஒன்று இருந்தாலும் பாக்கெட் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வெற்றிக் கதையும் இருக்கிறது. இணையத்தில் ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்குக்கும் ஏஎஸ் எண் என்று ஓர் அடையாள எண் உண்டு. அது முதலில் 16 பிட். 65,536 எண்கள்தான் அடங்கும். 2007-இல் அதை 32 பிட்டாக நீட்டும் வரையறை வந்தது. புதிய பெரிய எண்ணைப் பழைய ரூட்டருக்குச் சொல்ல வேண்டி வந்தால், அதன் இடத்தில் 23456 என்ற பொது எண்ணை வைத்து அனுப்புவார்கள். உண்மையான எண்கள் தனி இணைப்பாகக் கூடவே போகும். “உனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே அடுத்தவரிடம் கொடு” என்ற குறி அந்த இணைப்பின் மேல் இருக்கும். பழைய ரூட்டர் எதையும் கவனிக்காமல் கடத்திவிடும். அப்பால் இருக்கும் புதிய ரூட்டர் இரண்டையும் ஒன்று சேர்த்துப் படித்துக்கொள்ளும். சத்தமே இல்லாமல் உலகம் மாறிவிட்டது.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? ஏஎஸ் எண் வந்த வழியைச் சொல்லும் குறிப்பு. வழியில் இருக்கும் பழைய ரூட்டருக்கு அது முழுதாகப் புரிய வேண்டியதில்லை. ஐபி முகவரி அப்படியில்லை, ஒவ்வொரு ரூட்டரும் அதைப் படித்தே ஆக வேண்டும். ஆகவே புதியதைப் பழைய கருவி புரிந்துகொள்ளாமலே கடத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியும் என்றால் இணக்கம் கைகூடும். முடியாது என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐபிவி4 முகவரிகள் தீர்ந்தது இங்கே நம்மை எப்படிப் பாதிக்கிறது?

ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு ஐபி முகவரிகளைப் பங்கிடும் ஆஃப்ரிநிக் அமைப்பின் தலைமையகம் நம் எபேனில்தான் இருக்கிறது. உலக மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆஃப்ரிநிக் வசம் இருந்த கையிருப்பு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தாங்கியது. 2020 ஜனவரியிலிருந்து ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று கட்டுப்படுத்தினார்கள்.

வீட்டில் இது எப்படித் தெரியும் என்றால், வெளியூரிலிருந்து கேமராவைப் பார்க்க முயலும்போது தெரியும். இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. உங்கள் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் நீங்களும் அப்படி ஒரு கூட்டத்துக்குள் இருக்கிறீர்கள். ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்துவைத்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. ஒரு கோயிலின் கேமராப் பெட்டிக்கு இதே நிலை. ரூட்டர் பழுது என்று புதிய ரூட்டரே வாங்கிவிட்டார்கள். ரூட்டரில் ஒரு குறையும் இல்லை. இப்படி இருந்தால் நிறுவனத்திடம் தனி முகவரி கேளுங்கள். ஐபிவி6 தருகிறார்களா என்றும் கேளுங்கள். அல்லது உள்ளிருந்து வெளியே இணைப்பு எடுக்கும் விபிஎன் முறையைப் பயன்படுத்துங்கள்.

ஒரு நாள் குறித்து எல்லோரும் ஒரேயடியாக மாறிவிட முடியாதா?

ஒருமுறை முடிந்தது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் பழைய என்சிபி நெறிமுறையை விட்டு, இன்றைய இணையம் பேசும் டிசிபி/ஐபிக்கு மாறியது. அப்போது அதில் இருந்தவை சில நூறு கணினிகள். இன்றைக்கு அது நடக்காது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவது என்றால் எப்படி?

கருவிக்கு ஐபிவி4 முகவரி ஒன்று, ஐபிவி6 முகவரி ஒன்று. தளத்துக்கு இரண்டும் இருந்தால் பிரவுசர் ஐபிவி6-ஐ முதலில் தொடுகிறது. பதில் வரத் தாமதமானால் மற்றதையும் தொடுகிறது. இந்தக் காத்திருப்புக்கு 2017 வரையறை பரிந்துரைப்பது 250 மில்லிநொடி. முன்பெல்லாம் ஐபிவி6 பழுதாக இருந்தால் பக்கம் திறக்கப் பல நொடிகள் ஆகும். “ஐபிவி6-ஐ அணைத்தால் இணையம் வேகமாகும்” என்ற பேச்சு அந்தக் காலத்தில் வந்தது. இன்று அந்த அறிவுரையைப் பின்பற்ற வேண்டியதில்லை.

செல்பேசி நிறுவனங்கள் சில இன்னொரு வழியில் போகின்றன. போனுக்கு ஐபிவி6 மட்டும் கொடுத்துவிட்டு, பழைய தளங்களுக்குப் போகும்போது நடுவில் ஒரு மாற்றி வைத்து மொழிபெயர்க்கிறார்கள். தளத்தின் பெயரைக் கொடுத்தால் இது வேலை செய்யும். செயலி எழுதியவர் பெயருக்குப் பதில் ஐபிவி4 எண்ணையே நிரலில் எழுதிவைத்திருந்தால் சிக்கும். 2016 ஜூன் முதல் ஆப்பிள் தன் கடைக்கு வரும் செயலிகள் ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கிலும் ஓட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்தக் கண்டிப்பு நல்ல பலன் தந்தது.

விண்டோஸைப் புதுப்பித்த பிறகு எங்கள் நகல் இயந்திரம் ஸ்கேன் செய்ததைக் கணினிக்கு அனுப்ப மறுக்கிறது. ஏன்?

இங்கே அலுவலகங்களில் நான் அதிகம் பார்க்கும் பழுது இதுதான். பழைய நகல் இயந்திரங்கள் பல, கோப்புகளைப் பகிர எஸ்எம்பி 1 என்ற நெறிமுறை மட்டுமே அறிந்தவை. அதன் வேர் 1980-களில். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுவதும் பரவியது. பிரிட்டன் மருத்துவமனைகள்கூட முடங்கின. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே ஒட்டு (திருத்த நிரல்) வெளியிட்டிருந்தது, பலர் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. அதனால் புதிய கணினி பழைய இயந்திரத்தின் குரலுக்குக் காது கொடுப்பதில்லை.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை, விண்டோஸ் அம்சங்களுக்குள் போய் எஸ்எம்பி 1-ஐ மீண்டும் இயக்கு என்பதுதான். ஐந்து நிமிட வேலை, இயந்திரமும் ஓடிவிடும். செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நன்கொடைக் கணக்கும் உறுப்பினர் விவரமும் இருக்கும் அந்தக் கணினியில், ஒரு பிரிண்டருக்காகப் பின்வாசலைத் திறந்துபோட வேண்டாம்.

மாற்று வழிகள் இருக்கின்றன. முதலில் இயந்திரத்தின் ஃபர்ம்வேருக்கு (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளுக்கு) புதிய பதிப்பு உண்டா என்று பாருங்கள். எஸ்எம்பி 2 அதில் சேர்ந்திருக்கலாம். இல்லையென்றால் அநேகமாக அதில் எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை இருக்கும். எஃப்டிபியில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல்தான் போகிறது. எனவே அலுவலகக் கணினிக்கு நேராக அனுப்பாமல், ஒரு சின்னச் சேமிப்புப் பெட்டியை வைத்து, இயந்திரத்தையும் பெட்டியையும் தனி விலானில் (நெட்வொர்க்குக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதியில்) போடுங்கள். இணையம் அந்தப் பக்கம் வேண்டாம். கணினி அந்தப் பெட்டியிலிருந்து எஸ்எம்பி 3 வழியாகக் கோப்பை எடுத்துக்கொள்ளும். பழைய மொழி பேசுவது ஒரு சிறு அறைக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு நாலு பக்கம்தான் ஸ்கேன் செய்கிறீர்கள் என்றால், யுஎஸ்பி குச்சியே போதும்.

ஒரே ஒரு பழைய கருவி முழு வைஃபையையும் மெதுவாக்குமா?

ஆம். எப்படி என்று எண்களோடு பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 1,500 பைட் பாக்கெட் என்பது 12,000 பிட். 802.11பி என்ற பழைய வைஃபை வகைக் கருவி ஒன்று தூரத்தில் இருந்து 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால், அதற்கு 12 மில்லிநொடி பிடிக்கும். 54 மெகாபிட்டில் போகும், அதற்குப் பின் வந்த 802.11ஜி கருவிக்கு அதே பாக்கெட் கால் மில்லிநொடிக்கும் குறைவு. ஆகப் பழைய கருவி ஒரு பாக்கெட் அனுப்பும் நேரத்தில் புதிய கருவி ஐம்பதுக்கு மேல் அனுப்பியிருக்கும். பழையவருக்கு வாய்ப்புத் தருவது இணக்கம். அதற்கான விலையை அறையில் உள்ள எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

இன்னொரு செலவும் இருக்கிறது. 2003-இல் வந்த ஜி கருவிகளின் பேச்சு முறை, 1999-இன் பி கருவிகளுக்குப் புரியாது. வெற்றுக் காற்று என்று நினைத்து நடுவில் பேசத் தொடங்கிவிடும். அதனால் பி கருவி ஒன்று பக்கத்தில் இருந்தாலே, புதியவை ஒவ்வொரு முறையும் பழைய மொழியில் “கொஞ்சம் இரு, நான் பேசப்போகிறேன்” என்று முதலில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு மெதுவான வேகத்தில்தான் போகும்.

தைப்பூசக் காவடி அன்று இதன் விளைவு நன்றாகவே தெரியும். மண்டபத்தில் கூட்டம், ஒவ்வொருவர் கையிலும் போன், மேலே நேரலை. அப்போது வைஃபை தரும் அக்சஸ் பாயின்டில் நான் முதலில் பார்ப்பது குறைந்தபட்ச வேகத்தை. பி கருவிகளுக்கு இடம் கொடுத்திருந்தால், “நான் இருக்கிறேன்” என்று நொடிக்குச் சுமார் பத்து முறை போகும் அறிவிப்புகூட 1 மெகாபிட்டில்தான் போகும். நாலு வைஃபை பெயர் வைத்திருந்தால் நாலு மடங்கு. பி வேகங்களை அணைத்துவிட்டு, வைஃபை பெயர்களைக் குறைத்து, நேரலைக் கேமராவைக் கேபிளில் மாட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்; அங்கே பி கருவி எதுவும் வர முடியாது.

டபிள்யூபிஏ 3 போட்டதும் வகுப்பு டேப்லெட்டுகள் இணையவில்லை.

டபிள்யூபிஏ என்பது வைஃபையின் பாதுகாப்பு முறை. அந்த டேப்லெட்டுகளுக்கு டபிள்யூபிஏ 2 மட்டுமே தெரியும். இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை ரூட்டரில் இருக்கும். பெரும்பாலான கருவிகள் அதில் இணைந்துவிடும். ஆனால் கலப்பு முறையில் கடவுச்சொல் ஒன்றே என்பதால், பழைய பக்கத்தைத் தாக்கி அதைக் கண்டுபிடிப்பவர் புதிய பக்கத்துக்குள்ளும் வந்துவிடலாம். நான் டேப்லெட்டுகளுக்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், ஏஇஎஸ் மறையாக்கம் மட்டும் என்று வைப்பேன்.

என் பழைய போனில் வங்கித் தளம் திறப்பதில்லை. வங்கி பழைய போன்களையும் ஏற்றால் என்ன?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். தளத்தோடு பாதுகாப்பான இணைப்பு போட உதவும் நெறிமுறை டிஎல்எஸ். ஆண்ட்ராய்டு 5-க்கு முந்தைய போன்களில் டிஎல்எஸ் 1.2 தானாக இயங்காது. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் தரநிலை அமைப்பே கைவிட்டுவிட்டது. இன்னொன்று, தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ்: போனுக்குள் இருக்கும் நம்பகமான சான்றிதழ்ப் பட்டியல் பழசாகியிருந்தால், நெறிமுறை பொருந்தினாலும் தளத்தை நம்பாது.

வங்கி மறுப்பது சரி என்றே சொல்வேன். 2014 அக்டோபரில் வெளியான பூடில் தாக்குதல் இதற்குச் சரியான பாடம். அப்போதைய பிரவுசர்கள் புதிய பதிப்பில் இணைப்பு கிடைக்காவிட்டால் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் டிஎல்எஸ்ஸின் முன்னோடியான 1996-இன் எஸ்எஸ்எல் 3 வரை போய்ப் பார்க்கும். நடுவில் இருக்கும் திருடன் வேறு எதுவும் செய்ய வேண்டாம். புதிய பதிப்பு முயற்சிகளை மட்டும் கெடுத்தால் போதும். இரண்டு பக்கமும் புதியதாக இருந்தும், தாங்களாகவே பழைய ஓட்டைப் பதிப்புக்கு இறங்கிவந்துவிடும். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்காக வைத்த ஏணி எல்லோரையும் கீழே இறக்க உதவியது.

2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. 1.3 தெரிந்த சர்வர் பழைய பதிப்பில் பேச வேண்டிவந்தால், தான் அனுப்பும் தற்செயல் எண்ணின் கடைசி 8 பைட்டில் ஒரு நிலையான அடையாளத்தை வைக்கும். 1.3 தெரிந்த பிரவுசர் அதைப் பார்த்ததும், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு இணைப்பைத் துண்டிக்கும். பழைய பிரவுசருக்கு அது வெறும் தற்செயல் எண்.

டிஎல்எஸ் 1.3 தன்னை 1.2 என்று சொல்லிக்கொள்கிறதாமே, உண்மையா?

உண்மை. முதல் செய்தியில் பதிப்பு எண்ணுக்கென்று உள்ள பழைய இடத்தில் 1.2-இன் எண்ணே போகிறது. உண்மையான பதிப்புப் பட்டியல் பின்னால் ஓர் இணைப்புப் பகுதியில் இருக்கும்.

விதிப்படி, தெரியாத பெரிய எண் வந்தால் சர்வர் தனக்குத் தெரிந்த உயர்ந்த பதிப்பைச் சொல்ல வேண்டும். ஆனால் பல சர்வர்கள் இணைப்பையே துண்டித்தன. சர்வர்கள் சரியாக இருந்தாலும், வழியில் உட்கார்ந்திருக்கும் ஃபயர்வால் பெட்டிகள் பழக்கமில்லாத வடிவத்தைக் கண்டு தடுத்தன. பல ஆண்டுகளாக எந்த மாற்றமும் வராததால், மாறக்கூடிய இடத்தையும் மாறாதது என்று நினைத்துப் பெட்டிகளைச் செய்துவிட்டார்கள். கடைசியில் 1.3-இன் ஹேண்ட்ஷேக்கை (இணைப்பைத் தொடங்கும் முதல் பேச்சை) 1.2 மாதிரியே தோற்றமளிக்கும்படி அமைத்தார்கள். தேவையே இல்லாத ஒரு பழைய செய்தியைக்கூட வேண்டுமென்றே நடுவில் அனுப்புகிறார்கள்.

இதைச் சரிசெய்ய வந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கிரீஸ் என்று பெயர். 2020-இல் வரையறையாக வந்தது. குரோம் பிரவுசர் ஒவ்வொரு இணைப்பிலும் அர்த்தமே இல்லாத சில எண்களைப் பட்டியலில் கலந்து அனுப்புகிறது. விதியை மதிக்கும் சர்வர் அவற்றைத் தாண்டிப் போய்விடும். மதிக்காத சர்வரைச் செய்தவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். பத்து ஆண்டு கழித்து உண்மையான புதிய எண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கதவு துருப்பிடிக்காமல் இருக்கத் தினமும் திறந்து மூடுகிறார்கள்.

அனுப்பும்போது கண்டிப்பாக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்ற இணைய முன்னோடி ஜான் போஸ்டலின் கொள்கை 1980 முதல் இணையத்தின் அடித்தளமாக இருந்தது. அந்தத் தாராளம் இல்லாவிட்டால் இணையம் இவ்வளவு வளர்ந்திருக்காது. ஆனால் பிழையையும் தாராளமாக ஏற்றால் பிழையே வழக்கமாகிவிடுகிறது. 2019 பிப்ரவரி 1 அன்று தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் துறையின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, 1999-இன் நீட்டிப்பைக்கூடச் சரியாகக் கையாளாத சர்வர்களுக்காகச் செய்துவந்த சமாளிப்புகளை நிறுத்தின. முன்கூட்டியே அறிவித்தார்கள், சோதிக்கக் கருவி கொடுத்தார்கள், சொன்ன நாளில் நிறுத்தினார்கள். பழையதை விட வேண்டுமென்றால் இப்படி விட வேண்டும்.

ஃபைபர் 100 மெகாபிட். ஐரோப்பாவிலிருந்து ஒரு கோப்பை இறக்கினால் மட்டும் 2.5 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. யார் தவறு?

தகவலைப் பகுதி பகுதியாக அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பதில் வாங்கும் டிசிபி நெறிமுறையின் பழைய தலைப்பகுதியில், பதில் வருவதற்கு முன் எவ்வளவு அனுப்பலாம் என்று சொல்லும் இடம் 16 பிட்தான். அதிகபட்சம் 65,535 பைட். நாம் இருப்பது இந்தியப் பெருங்கடலின் நடுவில். 2002-இல் வந்த சேஃப் கடலடிக் கேபிள், தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியனையும் நம்மையும் தொட்டுக் கொச்சி, பினாங்கு வரை போகிறது. ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப 200 மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஐந்து முறைதான் அந்த 65,535 பைட்டை அனுப்ப முடியும். கணக்குப் போட்டால் சுமார் 2.6 மெகாபிட். இணைப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் அவ்வளவுதான்.

1992-இலேயே இதற்கு வழி கண்டார்கள்: இணைப்பைத் தொடங்கும்போது இரண்டு பக்கமும் ஒரு பெருக்கு எண்ணைப் பரிமாறிக்கொள்ளலாம். ஒரு பக்கம் சொல்லாவிட்டால் மற்றதும் பேசாமல் பழைய அளவிலேயே ஓடும். அதனால் எதுவும் உடையாது, மெதுவாக மட்டும் இருக்கும். நடுவில் உள்ள ஒரு பழைய ஃபயர்வால் அந்த எண்ணை அழித்தாலும் இதே கதிதான். போர்ட் லூயிஸிலேயே இருக்கும் சர்வரோடு வேகம் சரியாக இருந்து, தூரத்து சர்வரோடு மட்டும் 2.5-இல் முட்டி நின்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். கேபிள் நிறுவனத்தைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சுவிட்சில் 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நானே பூட்டிவைத்தால் நல்லதுதானே?

மறுமுனையிலும் அதேபோல் பூட்டாவிட்டால் கெட்டது. ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது, ஹாஃப் என்றால் மாறி மாறிப் பேசுவது. பூட்டிய பக்கம் பேச்சுவார்த்தை நடத்தாது. ஆட்டோவில் இருக்கும் மறுபக்கம் சிக்னலை வைத்து வேகத்தைக் கண்டுபிடிக்கும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லாததால் விதிப்படி ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். பிங் போகும், சிறு பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் தவழும். இரண்டு பக்கமும் ஆட்டோவிலேயே விடுங்கள்.

தமிழில் எழுதிய அஞ்சல் பழைய சர்வர் வழியாகப் போகும்போது சிதைவதில்லையே, எப்படி?

முதலில் இருந்த மின்னஞ்சல் 7 பிட் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறியும். எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘வணக்கம்’ என்று எழுதினால், இரண்டு புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள், 21 பைட். அதைப் பேஸ் 64 முறையில் 28 சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்பினால், 1982-இன் சர்வருக்கும் அது பழகிய உரையாகவே தெரியும். என்ன முறையில் மாற்றினோம் என்ற குறிப்பு அஞ்சலின் தலைப்பில் இருக்கும். நடுவில் உள்ளவர்கள் அதைப் படிக்க வேண்டியதில்லை, வாங்குபவர் படித்தால் போதும். மேலே சொன்ன ஏஎஸ் எண் போலவே இங்கேயும் நடக்கிறது. கேள்விக்குறிகளாக வந்தால், பெரும்பாலும் அந்தத் தலைப்புக் குறிப்பைப் போடாமல் அனுப்பிய ஒரு பழைய படிவ நிரல்தான் காரணம்.

யுடிஎஃப் 8-ஐ 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தார்கள். வெறும் ஆங்கில உரை அதில் ஒரு பைட்கூட மாறாது என்பதால் பழைய நிரல்கள் அப்படியே ஓடின. தமிழ் இணையத்துக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்த நெறிமுறையும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வகுப்புக்குப் பழைய ரூட்டர்களை நன்கொடையாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

டபிள்யூபிஏ 2-உடன் ஏஇஎஸ் இருக்கிறதா, 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா, தயாரித்த நிறுவனம் இன்னும் ஃபர்ம்வேர் தருகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் நன்றி சொல்லி வாங்கலாம். ஃபர்ம்வேர் நின்றுபோயிருந்தால் இணையத்தை நேராகத் தொடும் இடத்தில் வைக்காதீர்கள். உள்ளே வெறும் சுவிட்சாகப் பயன்படுத்தலாம். டபிள்யூபிஏ-வுக்கு முந்தைய டபிள்யூஇபி மட்டும் தெரிந்தது என்றால் வாங்க வேண்டாம்.

வாங்கியதும் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எந்தப் பதிப்புகள் பேசும், எந்த ஆண்டு வரை வைத்திருப்போம் என்று எழுதுங்கள். அடுத்து அந்த வேலைக்கு வருபவருக்கு நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அது தெரிய வேண்டும்.